எள்ளுத் தண்ணீருக்கு ஒரு கை

என் வலக்கை முழங்கைக்குக் கீழே ஒரு சாண் அளவில் முடிகிறது. அதற்கு அப்பால் இப்போது ஒரு மின்கை இருக்கிறது. மாட்டினால் இருக்கிறது, கழற்றினால் மேசைமேல் கிடக்கிறது. என்னோடு பணியாற்றிய ஆசிரியர் ஒருவருடைய தம்பிக்குச் சர்க்கரை நோயால் கையை எடுக்க நாள் குறித்திருக்கிறார்கள். என்ன நடக்கும் என்று தெரியாமல் அவர் தவிப்பதாகவும், நடந்ததை நான் எழுதினால் அவருக்கு உதவும் என்றும் நண்பர் சொன்னார். தவிப்பைத் தீர்ப்பது என்னால் ஆகாது. நடந்ததை நடந்த வரிசையில் சொல்ல முயல்கிறேன்.

நான் அரசுக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். பிறந்தது பாரூரில், ஏரிப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைவித்த குடும்பம். ஓய்வுக்குப் பின் மத்திகிரியில் குடியேறினோம், மகள் மலர்விழி ஓசூரில் வேலை பார்ப்பதால். மருமகன் கிருஷ்ணப்பா ஒரு தொழிற்சாலையின் முலாம் பூசும் பிரிவில் மேற்பார்வையாளர். தன் தாயோடு தெலுங்கிலும், தொழிலாளர்களோடு கன்னடத்திலும், என்னோடு தமிழிலும் பேசுவார். மூன்றிலும் ஒரே வேகம்.

என் மனைவி ருக்மணி சென்ற ஆண்டு மாசி மாதத்தில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாள்.

அவளுக்குச் சடங்குகளில் பிடிப்பு உண்டு, எனக்கு இல்லை. அதைப் பற்றி எங்களுக்குள் சண்டை வந்ததில்லை. ஆடி அமாவாசை தோறும் என் தந்தைக்கு எள்ளுத் தண்ணீர் விட அவளே எல்லாவற்றையும் எடுத்து வைப்பாள். இதை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வலது உள்ளங்கையில் எள்ளை வைத்து, சொம்பிலிருந்து அதன்மேல் நீரை ஊற்றி, எள்ளோடு சேர்ந்த நீரைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே சரித்து விட வேண்டும். இறந்தவர்களுக்கு நீர் போகும் வழி அது என்பார்கள். சொம்பைச் சாய்ப்பவள் அவள்.

"உங்களுக்குச் சாமி இருக்குதோ இல்லியோ, கை இருக்குதில்ல? நீட்டுங்க" என்பாள். நீட்டுவேன்.

மருத்துவமனையில் அவள் கடைசியாகத் தெளிவாகப் பேசிய மாலைகளில் ஒன்றில் இதைச் சொன்னாள். "எனக்கும் நீங்களே விட்டுருங்க. பொண்ணு இருக்கிறா, மாப்பிள்ளை இருக்கிறாருன்னு தள்ளிவிட்டுராதீங்க."

"நீ முதலில் வீட்டுக்கு வா" என்றேன்.

"வர்றேன். வந்தாலும் சொல்லி வச்சுக்கறது நல்லதுதான?"

அவள் வரவில்லை. எங்களுக்கு மகன் இல்லையாதலால் கருமகாரியத்தை நானே செய்தேன். அன்று நீர் விட்டது என் சொந்தக் கை. அடுத்த மாசியில் ஆண்டுத் திதி வரும். அதையும் நானே செய்வேன் என்பதில் எனக்கு ஐயம் எதுவும் இருக்கவில்லை.

வைகாசியில் ஒரு காலை, கஞ்சி வைத்த பாத்திரத்தை அடுப்பிலிருந்து துணியில்லாமல் இறக்கினேன். சுடவில்லை. சர்க்கரை நோய் நீண்டநாள் இருந்தால் கை கால்களின் நுனி நரம்புகள் தேய்ந்து, வலியையும் சூட்டையும் மூளைக்கு அறிவிக்காமல் போகும்; அதை நரம்புச் சிதைவு என்கிறார்கள். பாத்திரத்தை மேடையில் வைத்த பிறகுதான் உள்ளங்கைத் தோல் வெளுத்திருந்ததைப் பார்த்தேன். கொப்புளம் உடைந்தது, மருந்து போட்டேன். கை உள்ளுக்குள் வீங்கி, காய்ச்சல் கண்டு, மலர்விழி வந்து பார்த்தபோது மணிக்கட்டு வரை கறுத்திருந்தது. காரில் நான் ஏறியதும் என் செருப்பின் வாரைக் குனிந்து மாட்டிவிட்டாள்.

ஓசூரில் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்த்தார்கள். இருமுறை கையைக் கீறிச் சீழை வெளியேற்றினார்கள். மூன்றாவது முறை அறுவை மருத்துவர் கட்டில் விளிம்பில் வந்து அமர்ந்தார். நின்றுகொண்டே பேசுகிற மருத்துவர் ஒருவர் அமர்ந்தால் செய்தி என்னவென்று நோயாளிக்கு விளங்கிவிடும்.

"சார், கையைக் காப்பாத்துறேன்னு இன்னும் பார்த்துக்கிட்டே இருந்தா மேல ஏறிடும். அப்புறம் முழங்கையும் சேர்ந்து போயிடும். இப்ப எடுத்தா முன்கையில தசை நிறைய மிச்சம் பண்ணலாம்."

"கையில்லாத முன்கையில் தசை இருந்து என்ன பயன்?"

"பின்னால எல்லாமே அதுலதான் சார் இருக்குது. என்னை நம்புங்க."

இடக்கையால் கையொப்பமிட்டேன். அது என் கையொப்பம் போல இல்லை, யாரும் ஆட்சேபிக்கவில்லை.

அறுவைக்குப் பின் வந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இன்சுலின், விரல் நுனியில் ஊசி, கட்டு மாற்றுதல், மீண்டும் இன்சுலின். மருத்துவமனைக் கட்டணம் பற்றி என் காதில் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். நான் கேட்டால் கிருஷ்ணப்பா கிரிக்கெட் பற்றிப் பேசத் தொடங்குவார். எனக்குக் கிரிக்கெட் தெரியாது என்பது அவருக்குத் தெரியும்.

சாப்பாடுதான் கடினமாக இருந்தது. இடக்கையால் உண்பதற்கு உடம்பு எளிதில் சம்மதிப்பதில்லை. கூச்சம் முதலில் வயிற்றில் பிறக்கிறது. மலர்விழி ஊட்ட வந்தாள், மறுத்தேன். அன்று கிருஷ்ணப்பா தன் டிபன் பெட்டியைத் திறந்து எனக்கு எதிரே அமர்ந்து, இடக்கையால் பிசைந்து உண்ணத் தொடங்கினார். சட்டை முழுக்கச் சாம்பார். "மாமா, இது கார் ஓட்டுறதைவிடக் கஷ்டம்" என்றார். நானும் உண்டேன். செவிலி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் அட்மிஷனா?" என்று கேட்டுச் சென்றாள்.

இனி, கையை இழக்கப்போகிறவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. வெட்டிய கை போய்விடுவதில்லை. மூளையில் அந்தக் கைக்கென்று இருக்கும் இடம் காலியாவதில்லை. அறுபட்ட நரம்புகளின் முனைகள் அதற்கு எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அதனால் இல்லாத கை இருப்பதாகத் தோன்றும். அரிக்கும், மரத்துப்போகும், வலிக்கும். இதை மாய உறுப்பு வலி என்கிறார்கள். என்னுடையது மூடிய முட்டியாக இருந்தது. நகங்கள் உள்ளங்கையில் பதிகிற அளவு இறுக்கம். உள்ளங்கை நடுவில் நெருப்பு. இருந்தபோது கஞ்சிப் பாத்திரத்தின் சூட்டை அறியாத கை, போன பிறகு இடைவிடாமல் எரிந்தது. மாத்திரைகள் கொடுத்தார்கள். ஓரளவு தணிந்தது.

அப்போதெல்லாம் நான் ருக்மணியிடம் சொல்ல வேண்டியவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தேன். கிருஷ்ணப்பா இடக்கையால் உண்டதை அவளிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்பு வரும் வேளையில் கதவுப் பக்கம் பார்ப்பேன். அது ஒரு பழக்கம். தசைக்கும் அது போன்ற பழக்கங்கள் உண்டு என்று பின்னால் கற்றேன்.

தையல் பிரித்துப் புண் ஆறியதும், அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூர்ப் பக்கம் உள்ள செயற்கை உறுப்பு மையம் ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். அங்கே காத்திருப்போர் பெரும்பாலும் எங்கள் பகுதித் தொழிற்சாலைக்காரர்கள். தகடு வெட்டும் பவர் பிரஸில் விரல் போனவர்கள், மணிக்கட்டு வரை போனவர்கள். என்னருகே இருந்தவர் என் முன்கையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தக் கம்பெனிங்க?"

"நான் கல்லூரி ஆசிரியர்."

அவர் சற்று யோசித்தார். "காலேஜ்லயும் பவர் பிரஸ் இருக்குதுங்களா?"

"இல்லை. கஞ்சிப் பாத்திரம்."

"அட. எனக்கு ஊரு கல்லாவிங்க. பத்து வருசம் பிரஸ்ல ஒண்ணும் ஆகல, ஊர்ல கரும்பு மிஷின்ல விட்டேன். கம்பெனில போயிருந்தா கவுரவமாவது இருந்திருக்கும். எங்க பசங்க கேக்கறாங்க, 'ஏன்டா மாமா, வெல்லத்துக்கு ஆசைப்பட்டியா?'ன்னு." அவர் சிரித்தபோது மொத்த அறையும் சிரித்தது. நானும் சிரித்தேன்; வைகாசிக்குப் பிறகு அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

அங்கே எனக்குப் பயிற்சி கொடுத்தவர் நிர்மலா. கிருஷ்ணகிரிக்காரர், கத்தோலிக்கர், நாற்பதை நெருங்கியவர். கழுத்தில் சிறு சிலுவையும் கையில் எப்போதும் ஒரு மார்க்கர் பேனாவும் இருக்கும். முதலில் அவர் என் முன்கையில் அங்கங்கே அழுத்திப் பார்த்துப் பேனாவால் வட்டங்கள் இட்டார். அந்த இடங்களில் உலோகப் பொட்டுகளை வைத்துக் கம்பிகளைக் கணினியோடு இணைத்தார்.

தத்துவம் எளியது. எந்தத் தசையும் சுருங்கும்போது அதன் இழைகளில் மிகச் சிறிய மின்னழுத்தம் எழுகிறது. டார்ச் விளக்கின் மின்கலத்துக்குள்ள அழுத்தத்தை ஆயிரக்கணக்கில் கூறிட்டால் ஒரு கூறு, அவ்வளவுதான். தோலின்மேல் வைத்த உலோகப் பொட்டு அதைப் படிக்கிறது. கருவி அதைப் பெருக்கி மோட்டாருக்கு ஆணையாக அனுப்புகிறது. முன்கையின் உட்புறத் தசைகள் விரல்களை மடக்குபவை, வெளிப்புறத் தசைகள் விரிப்பவை. கை போனாலும் அவை இருக்கின்றன. வாய்க்கால் தூர்ந்த பிறகும் மதகைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும் நீர்க்காரனைப் போல. உட்புறம் சுருங்கினால் மின்கை மூடும். வெளிப்புறம் சுருங்கினால் திறக்கும். இரண்டும் சேர்ந்து சுருங்கினால் கை குழம்பி நின்றுவிடும்.

ஆகவே கை கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை உண்டு. இரண்டு ஆணைகளையும் தனித்தனியே என்னால் அனுப்ப முடியுமா என்பதே அது. திரையில் இரண்டு கோடுகள்: மூட சிவப்பு, திறக்க நீலம். முடியாதவர்களுக்கு மின்கை பயன்படாது. கொக்கி வைத்த சாதாரணக் கையோ, அழகுக்கு மாட்டும் அசையாத கையோ கொடுத்து அனுப்புவார்கள்.

இந்தச் சோதனையில் தேற வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மலர்விழி, நான் மீண்டும் எழுத விரும்புவதாக எண்ணினாள். எழுத்து இடக்கைக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டியிருந்தது, நீட்டவும் ஏந்தவும் சரிக்கவும் ஒரு வலக்கை; மாசிக்குள்.

மூடுவது முதல் நாளே வந்தது. சிவப்புக் கோடு துள்ளி எழுந்தது. திறக்கச் சொன்னபோது இரண்டு கோடுகளும் கைகோத்து எழுந்தன.

"சார், கையை விரிங்கன்னா முகத்தைச் சுருக்கறீங்க" என்றார் நிர்மலா. "பல்லைக் கடிக்காதீங்க. பல்லுக்கு நான் ஒயர் கொடுக்கல."

"இரு தசைத் தொகுதிகளும் ஒரே நேரத்தில் தூண்டப்படுவதால்…"

"விளக்கம்னா ஒரு பீரியடே எடுப்பீங்க. விரிக்கச் சொன்னா மட்டும் லீவு லெட்டர் கொடுக்கறீங்க. சரி, இப்ப உங்க கை எப்படி இருக்குது?"

"எந்தக் கை?"

"இல்லாத கை சார்."

"மூடியிருக்கிறது. இறுக்கமாக."

மார்க்கரைக் கீழே வைத்தார். "அப்ப அதைத்தான் முதல்ல விரிக்கணும். அது விரிஞ்சாத்தான் இது விரியும். கைல எதையாவது வச்சிருக்கிற மாதிரி நினைச்சு, கீழ விடுங்க. சாக்பீஸ் மாதிரி."

சாக்பீஸை நினைத்தேன். அது பலிக்கவில்லை. சாக்பீஸை நான் கீழே விட்டதே இல்லை. தேய்ந்து தீரும் வரை எழுதியிருக்கிறேன். பந்தை நினைத்தேன், கதவின் தாழ்ப்பாளை நினைத்தேன். வாரக்கணக்கில் இப்படிப் போயிற்று. ஒவ்வொரு முறையும் கிருஷ்ணப்பா ஷிப்ட் முடிந்து கண்ணெரிச்சலோடு என்னை அழைத்து வருவார். காத்திருப்பு அறையில் உட்கார்ந்தபடியே உறங்கிவிடுவார். சோதனையை முடித்துவிடலாமா என்று மையத்தில் இருந்தவர்கள் தம்முள் பேசிக்கொள்வது ஒரு நாள் என் காதில் விழுந்தது.

அன்று நான் வேறெதையும் நினைக்கத் தோன்றாமல், உள்ளங்கையில் நீர் இருப்பதாக நினைத்தேன். குளிர்ந்த நீர், அடியில் எள். சொம்பு விலகிவிட்டது, இனி சரிக்க வேண்டியதுதான். கட்டைவிரலைச் சற்று ஒதுக்கினேன். முட்டியின் இறுக்கம் எங்கோ ஓரிடத்தில் நெகிழ்ந்தது. சிவப்புக் கோடு படுத்திருந்தது. நீலம் தனியே எழுந்தது.

"அது! அதேதான் சார்!" நிர்மலா மேசையைத் தட்டியதில் காத்திருப்பு அறையில் கிருஷ்ணப்பா விழித்துக்கொண்டார். "என்ன நினைச்சீங்க?"

நான் நீலக் கோட்டை மறுபடியும் எழுப்பிப் பார்த்தேன்.

"சரி, சொல்ல வேணாம். எதுவா இருந்தாலும் அதையே நினைங்க. வீட்டுலயும் அதையே பண்ணுங்க, காலைல சாயந்தரம்."

அப்படியே செய்தேன். மத்திகிரியில் கால்நடைப் பண்ணைச் சாலையில் நடக்கும்போதும், செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருக்கும்போதும், சட்டைக் கைக்குள் அந்தத் தசையைச் சுருக்கிப் பழகினேன். மாசி வருவதற்குள் அவளுக்கு எத்தனை முறை நீர் விட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு சொட்டும் விழவில்லை.

தை மாதத்தில் கை வந்தது. முன்கையை நுழைத்துக்கொள்ளும் கூடு, அதன் உட்புறத்தில் உலோகப் பொட்டுகள், மின்கலம், மோட்டார், மேலே தோல் நிற உறை. உறையில் நரம்புகளும் நகங்களும் அச்சிட்டிருந்தார்கள். என் நிறத்தைவிடச் சற்று வெளுப்பு. திறக்கும்போதும் மூடும்போதும் சிறு மிக்சி ஓடுவது போன்ற ஓசை. தம்ளரைப் பிடித்தேன், விட்டேன். துண்டைப் பிடித்தேன், விட்டேன். மலர்விழி தன் விரலை நீட்டினாள், நசுக்காமல் பிடித்தேன். அவள் மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது நிர்மலாவிடம் கேட்டேன்: "உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, அப்படியே ஒரு பக்கம் சாய்க்க வேண்டும். இதில் எந்த அளவுக்கு முடியும்?"

"மணிக்கட்டை இடது கையால திருப்பி வச்சுக்கலாம். எதுக்கு சார்?"

"நீரை ஏந்திச் சரித்து விட."

அவர் முகம் மாறியது. "தண்ணியா? சார், இதுல தண்ணியே படக்கூடாது. மணிக்கட்டுல மோட்டாரு, போர்டு எல்லாம் இருக்குது. கை கழுவறப்பகூட கழட்டித்தான் வைக்கணும். முதல் நாளே சொன்னேனே?"

சொல்லியிருந்தார். குளிக்கும்போது கழற்ற வேண்டும் என்று அதை நான் புரிந்துகொண்டிருந்தேன். பாத்திரம் கழுவக் கூடாது, மழையில் நனையக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டிருந்தேன். மின்சாரமும் நீரும் சேரக் கூடாது என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடமாக நடத்தியவன். எள்ளுத் தண்ணீரை மட்டும் நான் தண்ணீரில் சேர்க்கவே இல்லை.

வேறு வழியின்றி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மலர்விழியும் அப்போதுதான் கேட்டாள். நிர்மலா வெகுநேரம் மின்கையின் விரல்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டிருந்தார். "எங்களுக்குக் கல்லறைல மெழுகுவத்தி ஏத்தறதுதான் சார். அதுன்னா இந்தக் கை நல்லாப் பிடிச்சுக்கும்" என்றார். பிறகு, "மன்னிச்சுக்கோங்க" என்றார். மன்னிக்க எதுவும் இல்லை என்றேன்.

கிருஷ்ணப்பா தோல்வியை ஒப்புக்கொள்ளும் இனத்தவர் அல்லர். மறுநாள் தன் பிரிவிலிருந்து முழங்கை வரை நீளும் கறுப்பு ரப்பர் கையுறையோடு வந்தார்.

"ஆசிட் தொட்டில கைய விட்டாலே உள்ள போகாது மாமா. எள்ளுத் தண்ணி எங்கிருந்து போகும்?"

பின்கட்டில், துணி துவைக்கும் கல்லருகே சோதித்தோம். மின்கையின்மேல் கையுறையை ஏற்றக் கிருஷ்ணப்பாவும் மலர்விழியும் இழுத்த இழுப்பில் நான் இருமுறை நாற்காலியோடு நகர்ந்தேன்.

"அப்பா, பாய்லர் ரிப்பேருக்குப் போற மாதிரி இருக்கறீங்க" என்றாள் மலர்விழி.

"சிரிக்காத, தண்ணிய ஊத்து" என்றார் கிருஷ்ணப்பா.

ஊற்றினாள். நீர் ரப்பரில் உருண்டு ஓடியது. நான் திறக்கும் ஆணையை அனுப்பினேன். தடித்த ரப்பருக்குள் மோட்டார் முனகியது, விரல்கள் நகரவில்லை. நீர் விழுந்ததா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிந்தேன். போதும் என்றேன்.

கையுறையை உருவி எடுத்தபின் கிருஷ்ணப்பா கல்லின்மேல் அமர்ந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "அப்ப நான் பண்றேன் மாமா. அத்தைக்கு நான் பண்ணக்கூடாதா? எனக்கு அவங்க போட்ட சோறு கொஞ்சமா?"

"செய்யலாம். அந்த உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு."

"அவர் பண்ணலாம்பா" என்றாள் மலர்விழி. "ஆனா அம்மா உங்களையில்ல கேட்டாங்க."

கிருஷ்ணப்பா எழுந்து கையுறையைக் கொடியில் காயப் போட்டார்.

மாசியில், திதியன்று காலை பாரூர்ப் பக்கம் தென்பெண்ணைக் கரைக்குப் போனோம். ஆற்றில் நீர் குறைவு. மணலுக்கு நடுவே ஓர் ஓடையாகப் போய்க்கொண்டிருந்தது. புரோகிதர் என் வயதை ஒத்தவர். தாம்பாளம், தர்ப்பை, எள், சொம்பு எல்லாவற்றையும் பரப்பிவிட்டு நிமிர்ந்தார்.

"கர்த்தா யாரு?"

"நான்."

அவர் மின்கையைப் பார்த்தார். "கை புதுசுங்களா?"

"இதைக் கழற்றிவிடுவேன்."

"கழட்டிட்டா பவித்திரத்தை எந்த விரல்ல போடறது சார்?" பவித்திரம் என்பது வலது மோதிரவிரலில் அணியும் தர்ப்பை வளையம். அவர் கேலி செய்யவில்லை, கவலைப்பட்டார். "ஒண்ணு பண்ணலாம். தர்ப்பையை உங்க மாப்பிள்ளைகிட்ட கொடுத்துருங்க. நீங்க கொடுத்து அவர் செஞ்சா, நீங்க செஞ்ச மாதிரிதான். சாஸ்திரத்துல இடமிருக்குது."

கிருஷ்ணப்பா சட்டையைக் கழற்றத் தயாராக இருந்தார். மறுப்பதற்கு என்னிடம் தர்க்கம் எதுவும் இல்லை. சாஸ்திரத்தை ஏற்காத நான், சாஸ்திரம் தரும் சலுகையை மறுப்பது நகைப்புக்குரியது என்பதும் தெரிந்தது.

"என்னையே விடச் சொல்லியிருக்கிறாள்" என்றேன்.

"யாருங்க?"

"இறந்தவள்."

புரோகிதர் எள் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். "அந்தம்மாகிட்ட நான் போயி வாதாட முடியாது. உக்காருங்க" என்றார்.

மின்கையைக் கழற்றி மலர்விழியிடம் கொடுத்தேன். அவள் அதைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வெட்டுப்பட்ட முன்கையை வெளியில், பிறர் பார்க்க, நான் அதுவரை நீட்டியதில்லை. புரோகிதர் நீண்ட தர்ப்பையாக ஒன்றைத் தேர்ந்து, முன்கையின் முனையைச் சுற்றிப் பவித்திரமாக முடிந்தார். ஏந்துவதற்குக் குழிவு இல்லை. எள்ளைத் தழும்பின்மேல் வைத்தார். ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டது. சொம்பை நான் இடக்கையில் எடுத்தேன். அதை நானே சாய்க்க வேண்டியிருந்தது.

அவளுடைய பெயரையும் என் கோத்திரத்தையும் அவர் சொன்னார். ஊற்றினேன். நீர் எல்லாப் பக்கமும் வழிந்தது; எள் நகரவில்லை. இரண்டாம் முறையும் அப்படியே. கட்டைவிரல் இல்லாதபோது எந்தப் பக்கம் சரிப்பது என்பது எனக்கு விளங்கவில்லை. புரோகிதர் மந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தார்.

மூன்றாம் முறை ஊற்றியபோது, திரைக்கு முன் பழகியதைச் செய்தேன். நீரை ஏந்தினேன். கட்டைவிரலை ஒதுக்கினேன். விரித்தேன். முன்கையின் வெளிப்புறத்தில், தோலுக்கடியில், தசை சுருங்கித் திரண்டதை மலர்விழி பார்த்தாள் என்று அவளுடைய மூச்சில் தெரிந்தது. எள் இடம்பெயர்ந்தது; நீரோடு சரிந்து தாம்பாளத்தில் விழுந்தது. தண்ணீர் பட்டது தழும்பில். குளிர்ச்சியை நான் உணர்ந்த இடம் தழும்பைத் தாண்டி இருந்தது. அதற்கு நரம்பியலில் விளக்கம் உண்டு. மேலே நானே எழுதியிருக்கிறேன்.

"விழுந்ததா?" என்று கேட்டேன்.

"விழுந்துருச்சுப்பா."

கிருஷ்ணப்பா தாம்பாளத்தை எடுத்துச் சென்று ஓடையில் கவிழ்த்தார். கணுக்கால் அளவு நீரில் நின்று, அது போவதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்துடன் எரிச்சல் தீர்ந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மாலையில் மீண்டும் எரிந்தது. இதை எழுதும் இன்றும் எரிகிறது, முன்னைவிடக் குறைவாக. முட்டி சில நாட்களில் விரிந்திருக்கிறது, சில நாட்களில் மூடியிருக்கிறது. மின்கையால் இப்போது கதவைத் திறக்கிறேன், பையைத் தூக்குகிறேன், புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொள்கிறேன். நண்பரின் தம்பி அஞ்ச வேண்டியதில்லை; பழகும்.

அன்று வீடு திரும்பியதும் மலர்விழி மின்கையைத் துண்டிலிருந்து எடுத்து வந்தாள். கூட்டுக்குள் நுழைக்கும் முன் முன்கையை உலரத் துடைக்க வேண்டும். ஒரு தூசி இருந்தாலும் உள்ளே அழுந்திப் புண்ணாக்கிவிடும், சர்க்கரை உடம்பில் புண் ஆறாது. அவள் பஞ்சால் தழும்பை ஒற்றிக்கொண்டே வந்தவள் நின்றாள். தையல் தழும்பின் மடிப்புக்குள் ஓர் எள் இருந்தது.

"எடுத்துடட்டுமாப்பா?"

"இருக்கட்டும்."

"கையை மாட்டினா குத்துமே."

"இன்றைக்கு மாட்டவில்லை" என்றேன்.

அவள் மின்கையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.